மொட்டை மேசை

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத் தெரு என்ற பெயரில் இரண்டு தெருக்கள் உண்டு. ஒன்று பேருந்து நிலையத்துக்குப் பின்னால். இன்னொன்று ரயில்வே கேட்டைத் தாண்டி. பால் ஊற்றுகிறவரிலிருந்து பூட்டு ரிப்பேர் செய்கிறவர் வரை ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். தெரியாத ஒரே ஜீவன், ஆம்புலன்ஸ் அனுப்பும் நிலையத்தில் இருந்த கம்ப்யூட்டர் புரோகிராம். "பள்ளிக்கூடத் தெரு" என்று தட்டினால் போதும், கண்ணை மூடிக்கொண்டு முதல் தெருவுக்கு வண்டியை அனுப்பிவிடும். இன்னொன்றும் இருக்கிறதே, எது என்று ஒரு வார்த்தை கேட்போமே என்கிற எண்ணமே அதற்குக் கிடையாது.

கேட்டைத் தாண்டிய தெருவில்தான் என் அக்கா குடியிருந்தாள். அத்தானுக்கு இதயத்தில் கோளாறு. ஏற்கெனவே ஒரு தடவை அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது வண்டி பேருந்து நிலையத்துப் பக்கம் போய், இல்லாத நோயாளியை வீடு வீடாகத் தேடியது. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியதால் பிழைத்தார். அதனால் எனக்கு அதே நிலையத்தில் புரோகிராமர் வேலை கிடைத்தபோது என்னைவிட அக்காவுக்குத்தான் சந்தோஷம். "முதல்ல போய் அந்தத் தெருவைச் சரி பண்ணுடி. மத்ததெல்லாம் அப்புறம்" என்றாள். அத்தான், "என் உசுரு இப்ப மச்சினி கையில" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

சேர்ந்த அன்றைக்கே கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரே பெயரில் இரண்டு தெரு இருந்தால் எது என்று கேள், அவ்வளவுதான். நாலு வரி. எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பின்னாலிருந்து யாரோ "ஐயையோ!" என்றார்கள்.

திரும்பிப் பார்த்தேன். ஒரு பெரிய மனிதர், நான் காலில் சாணியை மிதித்துவிட்டு நேரே வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொட்டை மேசை!" என்றார்.

அந்த நிலையத்தில் டெஸ்க்டாப்புக்கு, அதாவது கம்ப்யூட்டர் திரையின் முகப்புக்கு, மேசை என்று பெயர். கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸை நிறுவியதும் அது எப்படி வருகிறதோ அப்படியே, நிறம் மாற்றாமல், எழுத்து மாற்றாமல், உட்கார்ந்து வேலை பார்க்க ஆரம்பித்தால் அது மொட்டை மேசை. அங்கே அதைவிடக் கேவலம் வேறில்லை. இதையெல்லாம் கவனிப்பதற்கென்றே மேசை நெறிப்படுத்தும் குழு என்று ஒன்று மாடியில் இருந்தது. வந்தவர் அதில் ஜன்னல்களுக்குப் பொறுப்பாளர். திரையில் எந்த ஜன்னல் எங்கே திறக்க வேண்டும், இரண்டு ஜன்னலுக்கு நடுவில் எவ்வளவு சந்து விட வேண்டும் என்பதெல்லாம் அவர் இலாகா. ஜன்னல்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள்.

"வேலை நல்லாத்தானே சார் நடக்குது?" என்றேன்.

"வேலை நடக்கும்மா. வேலை யார்கிட்டதான் நடக்கல? மேசையைப் பார்த்தா நீங்க யாருன்னு தெரியணும். இதைப் பார்த்தா யாருன்னு தெரியுது?"

"கீழே மூலையில என் பேர் இருக்கு சார்."

மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. என்னை நேரே குழுத் தலைவரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

தலைவர் அறையில் மூன்று திரைகள். மூன்றிலும் பனி மூடிய மலை. ஒரு திரையில் தொடங்கிய மலை அடுத்ததில் ஏறி மூன்றாவதில் இறங்கியது. மனுஷன், மாடு எதுவும் இல்லாத மலை. எந்தத் திரையிலும் எந்த வேலையும் திறந்திருக்கவில்லை.

தெருக் கதையைச் சொன்னேன். கேட்டைச் சொன்னேன். அத்தானைக்கூடச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்ல விஷயம்மா. கண்டிப்பாச் செய்யணும். ஆனா ஒண்ணு. சுவர் இருந்தாத்தான் சித்திரம். முதல்ல மேசை தயாராகணும். குழு பார்த்து 'தயார்'னு சான்றிதழ் குடுத்தாத்தான் புரோகிராமை மாத்துற அனுமதி உங்க மெஷினுக்குத் திறக்கும்."

"சரி சார். சித்திரம் எப்ப வரையலாம்?"

"அதுக்குள்ள என்ன அவசரம்? நான் இங்க சேர்ந்த நாள்லேர்ந்து சுவர்லதான்மா இருக்கேன்."

பல்லியும் அங்கேதான் இருக்கிறது என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். வேலைக்குப் புதிது.

அப்போது ஆரம்பித்தது கூத்து. முதலில் என் லினக்ஸே சரியில்லை என்றார்கள். ரெடிமேடாக வருகிறதாம். "கடையில அரிசி வாங்கிப் பொங்குறவன் சமையல்காரனாம்மா? நாத்து நடணும்" என்றார் ஜன்னல்காரர். ஒவ்வொரு பகுதியையும் மூலத்திலிருந்து நானே கட்டி எழுப்ப வேண்டும். கட்டினேன். கம்ப்யூட்டர் உலை மாதிரி கொதித்தது. கட்டி முடித்ததும் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது, பிரிண்டர் என்னை யாரென்றே தெரியாது என்றது.

"சத்தம் வரலையே சார்?"

"சத்தம் எதுக்கும்மா?"

"ஆம்புலன்ஸ் ஆபீஸ் சார் இது!"

"அதுக்குத்தான் கீழே டெலிபோன் இருக்கே" என்றார், சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல.

அடுத்து மவுஸைப் பிடுங்கினார்கள். உண்மையான புரோகிராமர் கையை விசைப்பலகையிலிருந்து எடுக்க மாட்டானாம். மூலையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மூடிக்கு வெளியே வால் வாலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என்னுடையதையும் அதில் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு ஜன்னலைத் திறக்க மூன்று பொத்தானை ஒன்றாக அழுத்த வேண்டும். மூட நாலு. விரல் சுளுக்கிக்கொண்டு நின்றால், "இதுதான் வேகம். பழகப் பழகத் தெரியும்" என்றார்கள்.

பிறகு எழுத்துரு. பூஜ்யத்துக்கு நடுவில் புள்ளி வைப்பதா, கோடு போடுவதா என்பதில் அந்த ஆபீஸ் இரண்டாகப் பிளந்திருந்தது. புள்ளிக்காரர்களும் கோட்டுக்காரர்களும் ஒரே மேஜையில் டீ குடிக்க மாட்டார்கள். ஒரே வீட்டுப் பெண்களைக் கட்டிய இரண்டு சகலைகள், ஒருவர் புள்ளி, ஒருவர் கோடு. மாமனார் வீட்டில்கூட முகம் பார்ப்பதில்லையாம். எதையாவது ஒன்றை வைத்துத் தொலைப்போம் என்று நான் புள்ளி வைத்தேன். கோட்டுக்காரர்கள் என் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

இவ்வளவும் போதாதென்று, எழுதுகிற ஜன்னலைக் கண்ணாடி மாதிரி ஆக்கச் சொன்னார்கள், பின்னால் இருக்கிற மலை தெரிய வேண்டுமென்று. ஆக்கினேன். மலை தெரிந்தது. நான் எழுதியது தெரியவில்லை.

வாரம் ஒரு நாள் மேசைக் காட்சி. எல்லாரும் ஒருவர் திரையை ஒருவர் சுற்றி நின்று பார்த்து, கன்னத்தில் கை வைத்து, "அடடா, அந்த ஓரத்து வளைவைப் பாருங்க" என்பார்கள். நான் ஒரு நாள் அசட்டுத்தனமாக, "யாராவது ஒரு புரோகிராமைத் திறந்து காட்டுங்களேன்" என்று கேட்டுவிட்டேன்.

"திறந்தா மேசை மறைஞ்சிடுமேம்மா" என்றார் தலைவர். மற்றவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது ஆட வந்தவள். இங்கே கூடத்தை நிமிர்த்துவதற்கென்றே ஒரு கும்பல் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆட்டம் எப்போது என்று கேட்டால் கோபம் வருகிறது. சாப்பிடப் போனால் பக்கத்தில் ஒருவன் நிறங்களைப் பற்றிப் பேசுகிறான். கை கழுவப் போனால் பின்னாலேயே இன்னொருவன் வந்து சந்தின் அகலத்தைப் பற்றிப் பேசுகிறான். வீட்டுக்குப் போனால் அக்கா ஃபோன் செய்து, "ஆச்சாடி?" என்கிறாள். "மேசை தயாராகலைக்கா" என்றால், "தச்சனை மாத்தச் சொல்லேன்" என்கிறாள் பாவம்.

கீழ்த்தளத்தில்தான் அழைப்பு அறை. அங்கே உட்கார்ந்து ஊர் அலறலையெல்லாம் காதில் வாங்குகிறவரை ஹெட்போன் அக்கா என்று கூப்பிடுவோம். வாய் கொஞ்சம் அதிகம், மனசு தங்கம். முன்பெல்லாம் முகவரிக்குக் கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்ததாம். "கேட்டுக்கு அந்தப் பக்கம்" என்று அதில் தட்டிவிடுவாராம். குழு அதை எடுத்துவிட்டது. கட்டத்தின் மூலைகள் வட்டமாக வரவில்லையாம்.

"மூலை வட்டமா இல்லைன்னு எடுத்துட்டாங்க பாப்பா. டிரைவருங்களும் திரையில வர்றதைத்தான் கேக்கணும்னு உத்தரவு. இவனுங்க மண்டையிலதான் மூலையே இல்ல" என்றார். மூளையைத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். சுத்தமான மொட்டை. நிறுவியவர்கள் விட்டுப்போன அதே நீலம். பக்கத்தில் மவுஸ், அதன் வாலோடு. இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிற மெஷின் என்பதால் குழுவால் அதைத் தொட முடியவில்லை. அதே காரணத்தால் புரோகிராமை மாற்றுகிற அனுமதியும் அதில் திறந்தே இருந்தது.

"அக்கா, நீங்க டீ குடிச்சிட்டு வாங்க" என்றேன்.

அவர் வருவதற்குள் எழுதி, சோதித்தும் பார்த்துவிட்டேன். பள்ளிக்கூடத் தெரு என்று தட்டினால், பேருந்து நிலையமா, கேட்டுக்கு அப்பாலா என்று அது மரியாதையாகக் கேட்டது. ஹெட்போன் அக்கா டம்ளரோடு நின்று பார்த்துவிட்டு, "நல்லா இருப்பே தாயி!" என்று என் கன்னத்தை வழித்தார். அன்றைக்கே கேட்டுக்கு அப்பாலிருந்து ஒரு பிரசவம் வந்தது. வண்டி நேராக வீட்டு வாசலில் போய் நின்றது. அக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். பின்னாலிருந்து அத்தான், "இனிமே தைரியமா நெஞ்சு வலிக்கலாம்னு சொல்லு" என்று கத்தினார். "வாயைக் கழுவுங்க" என்று அக்கா திட்டியதும் கேட்டது.

சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. ஒவ்வொரு திருத்தத்தோடும் அது எந்த மெஷினிலிருந்து வந்தது என்பதும் பதிவாகும். குழு என்னைக் கூப்பிட்டது.

நீள மேஜை. ஒரு பக்கம் புள்ளிக்காரர்கள், ஒரு பக்கம் கோட்டுக்காரர்கள், தலைமாட்டில் தலைவர். முதல் தடவையாக இரண்டு கட்சியும் ஒற்றுமையாக இருந்தன.

"திருத்தம் சரியா இருக்கும்மா. அதுல எங்களுக்கு ரெண்டு கருத்து இல்ல" என்றார் தலைவர். "ஆனா ஒரு கேள்வி. மொட்டைக் கடுதாசி வந்தா அது மேல நடவடிக்கை எடுக்கலாமா?"

"கூடாது" என்றது மேஜை முழுதும்.

"மொட்டை மேசையிலேர்ந்து வந்த திருத்தமும் அதே கணக்குத்தானே?"

"சார், மொட்டைக் கடுதாசின்னா பேர் போடாதது. இதுல என் பேர் இருக்கு, நேரம் இருக்கு, என்ன மாத்தினேன்னு இருக்கு."

"பேர் இருக்கும்மா. முகம் எங்க?"

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். போட்டு இழுத்துக் காட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சார், ஆளுங்க செத்துப்போவாங்க சார்" என்றேன்.

"அதனாலதாம்மா சொல்றோம். உயிர் காக்குற திருத்தம். அது ஒரு மரியாதையான மேசையிலேர்ந்து வர வேண்டாமா?" என்றார் அவர். உண்மையிலேயே உருகித்தான் சொன்னார். அதுதான் சகிக்கவில்லை.

என் நாலு வரியையும் அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். ஹெட்போன் அக்காவின் கம்ப்யூட்டரில் திறந்திருந்த அனுமதிக்கும் பூட்டுப் போட்டுவிட்டோம் என்றார்கள்.

வேறு வழி? மானத்தைக் கழற்றி வைத்துவிட்டு மேசை அலங்காரத்தில் இறங்கினேன். ஜன்னல்களுக்கு நடுவில் சந்து அளந்து விட்டேன். மூலைகளை வளைத்தேன். மலை போட்டேன். பூஜ்யத்துக்குள் புள்ளியும் வைத்துக் கோடும் போட்டு இரண்டு கட்சியையும் சரிக்கட்டினேன். எப்படியாவது அந்தச் சான்றிதழை வாங்கி, அன்றைக்கே அந்த நாலு வரியைத் திரும்பப் போட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

சான்றிதழ் நாளும் வந்தது. காலை வேளை. மணியடித்துக் காட்சியைக் கெடுக்கும் என்று ஃபோனையெல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கதவைச் சாத்தி, விளக்கை மங்கலாக்கி, என் மேசையைப் பெரிய திரையில் போட்டார்கள். தலைவர் எழுந்து நின்று, "ஒரு மேசையில ஒரு மனசு தெரியுது" என்று ஆரம்பித்தார்.

கதவு படீரென்று திறந்தது. ஹெட்போன் அக்கா. ஹெட்போன் கழுத்தில் தொங்கியது.

"பாப்பா, உன் அக்கா லைன்ல வந்தா. அத்தானுக்கு நெஞ்சு வலி. கேட்டுக்கு அந்தப் பக்கம்னு கத்துறா பாவம், நான் எதுல எழுதுவேன்? வண்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் போயிடுச்சு. உத்தரவு கிடக்குன்னு டிரைவருக்கு ஃபோன் போட்டுத் திருப்பி விட்டேன், இப்ப கேட் போட்டிருக்கான்..."

ஜன்னல்காரர் உதட்டில் விரலை வைத்து, "உஷ்!" என்றார்.

நான் ஓடினேன். மாடிப்படியில் இறங்கும்போது பின்னால் கைதட்டல் கேட்டது. கேட்டில் சரக்கு ரயில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுக் கார்க்காரர் அன்று ஊரில் இல்லை. ரயில் போன பிறகு நானும் போய்ச் சேர்ந்தேன், வண்டியும் போய்ச் சேர்ந்தது. எங்களுக்கு முன்னாலேயே அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு விசாரணை என்று கூப்பிட்டார்கள். அக்காவும் வர வேண்டுமாம். குழுவே விசாரித்தது, வேறு யாருக்கு மேசையைப் பற்றித் தெரியும்? அக்காவுக்கு நாற்காலி போட்டார்கள். தலைவர் மிகவும் வருத்தத்தோடு பேசினார். என் பக்கம் திரும்பி, "பாதியில எழுந்து போனதால உங்க சான்றிதழ் நிறுத்தி வெச்சிருக்கும்மா. மத்தபடி திருத்தம் பரிசீலனையிலதான் இருக்கு" என்றார். பிறகு, அன்று நடந்ததை அப்படியே திரையில் ஓட்டிக் காட்டச் சொன்னார்.

ஊர் வரைபடம் வந்தது. ஆம்புலன்ஸ் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாகப் புறப்பட்டு, பேருந்து நிலையத்தை நோக்கி வழுக்கிக்கொண்டு போனது.

"பாருங்க, திருப்பத்துலகூட ஒரு உதறல் இல்ல" என்றார் ஜன்னல்காரர். யாரோ, "நிழல் விழுறதைப் பாருங்க" என்றார்கள். மேஜையைச் சுற்றித் தலைகள் ஆடின.

அக்கா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். ரயில்வே கேட்டைக் கண்டுபிடித்தாள். அதைத் தாண்டி விரலால் தேடினாள்.

"இதுல எங்க வீடு எங்க?"

ஜன்னல்காரர் தொண்டையைச் செருமினார். "அந்த மூலையிலதாம்மா கடிகாரம் வெச்சிருக்கு. அதுக்கு அடியில வரும்."

கேட்டைத் தாண்டிய பகுதி முழுவதும் கடிகாரத்துக்கு அடியில் கிடந்தது. தெருவும் வீடும் எதுவும் இல்லை. கண்ணாடி மாதிரி ஒரு வட்டம், அதற்குள் நேரம்.

"கொஞ்சம் நகர்த்தி வெச்சா என்ன?" என்றாள்.

"சமநிலை போயிடும்மா" என்றார் தலைவர், அன்போடு.

கடிகாரம் அன்றைய நேரத்தைக் காட்டிக்கொண்டு ஓடியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்த நேரத்துல என்கிட்ட பேசிட்டுதான் இருந்தார்" என்றாள். இன்னும் கொஞ்சம் ஓடியது. "இப்பவும் பேசினார். வண்டி வந்துடுச்சா பாருன்னார்."

தலைவருக்கு அவள் அவ்வளவு நேரம் பார்த்தது பிடித்திருந்ததுபோல.

"தூரத்துலேர்ந்தும் நல்லாத் தெரியுதில்லம்மா?" என்றார்.

எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. அக்கா முந்திக்கொண்டாள். நேராகத் திரையின் நடுவில் துப்பினாள்.

அப்போதுதான் அந்தக் குழு பதறி நான் பார்த்தேன். நாற்காலிகள் சரிந்தன. ஜன்னல்காரர் மெல்லிய துணியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒருவர் அதற்கென்று இருக்கிற தண்ணீரைத் தேடினார். புள்ளிக்காரரும் கோட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் திரையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். "மெதுவா, மெதுவா! கீறல் விழுந்துடப் போகுது" என்று தலைவர் கையைப் பிசைந்தார்.

நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். ஹெட்போன் அக்கா எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். பூட்டு என்று பேர்தான். அதைப் போட்டவர்கள் பூட்டின் படத்துக்கு நிறம் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை மறந்திருந்தார்கள். உட்கார்ந்தேன். எழுதினேன். பள்ளிக்கூடத் தெரு என்று தட்டினேன். எந்தப் பக்கம் என்று கேட்டது.

மாடியில் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "எனக்குக் குடுங்க, நான் துடைக்கிறேன்" என்று யாரோ சொல்வது கேட்டது.

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானாடி?" என்றாள்.

"இவ்வளவுதான்கா."